படி தாண்டி ஊருக்குள்

1998 ஜூலை 11. கல்லூரி நண்பர்களோடு சுற்றுலா வந்திருந்த 18 வயது மாணவி ஒருவர் புதுச்சேரிக் கடலில், தொடையளவு தண்ணீரில் நின்றிருந்தார். அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போனது. தடுமாறினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர் என்பதால், விழுவதற்குப் பதில் தண்ணீருக்குள் பாய்ந்தார். முகம் நீரில் பட்டதும் உடம்பெல்லாம் மின்சாரம் ஓடியதுபோல ஓர் அதிர்ச்சி. எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை நண்பர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

அவர் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன். எட்டு வயதிலேயே தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியில் இடம்பிடித்தவர். 1997-இல் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைமை ஏற்றுத் தேசியப் போட்டிக்கு அழைத்துச் சென்றவர். அந்த ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

விபத்து ஒரு நொடியில் நடந்து முடிந்துவிட்டது. ஊருக்குள் திரும்பி வருவதற்குத்தான் ஆண்டுகள் பிடித்தன. முன்பு தன்னைப் பார்த்தவர்களின் முகத்தை எதிர்கொள்ளவே முடியாமல் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த காலத்தைப் பற்றி அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும்தான் கையும் காலுமாக இருந்தார்கள். 2007-இல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கும் இதயத்தில் அறுவை சிகிச்சை. ‘அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்?’ என்ற கேள்வியோடு தேடினால், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒரு பெண்ணை நீண்ட காலம் வைத்துப் பராமரிக்கும் இல்லம் எதுவும் கண்ணில் படவில்லை. 2013-இல் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ அறக்கட்டளை தொடங்கியது அந்தத் தேடலில்தான். தண்டுவடம் பாதித்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையத்தையும் அந்த அமைப்பு அங்கே நடத்துகிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு ப்ரீத்திக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாகவும் சேர்ந்தார்.

அவரை முடக்கிய கடலிலிருந்து அவருடைய மையம் இருக்கும் ஊர் சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவர் படுக்கையிலிருந்து தெருவுக்கு வருவது அதைவிடத் தூரமான பயணம். புதுச்சேரி போன்ற ஓர் ஊரில் அந்தப் பயணம் எங்கெங்கே தட்டுகிறது?

தண்டுவடம் என்பது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை. மூளை சொல்வது உடம்புக்கும், உடம்பு உணர்வது மூளைக்கும் போய்வருவது அதன் வழியாகத்தான். கழுத்துப் பகுதியில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கும். மார்புக்கோ இடுப்புக்கோ நேராக அடிபட்டால் கை தப்பிக்கும், கால் போகும். நடக்க முடியாதது மட்டும்தான் வெளியே தெரியும். சிறுநீர், மலம் மேல் உள்ள கட்டுப்பாடு போவதும், தொடு உணர்ச்சி போவதும், வியர்வைகூடச் சரியாக வராமல் வெயிலில் உடம்பு கொதிப்பதும் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் தண்டுவடக் காயத்தோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பக்கத்தில் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும்தான் பெரிய காரணங்கள். தென்னை ஏறியவர், சாரத்தில் நின்று பூசியவர், மொட்டைமாடியில் தூங்கிக் கால் தவறியவர். பெரும்பாலும் குடும்பத்துக்குச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஆள்.

கடற்கரை ஊரில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயக் கூடாது. பாய்ந்து அடிபட்டவரைக் கரையில் கிடத்திய பிறகு, ஆளுக்கொரு கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கவும் கூடாது. கழுத்தில் உடைந்த எலும்பு அந்தத் தூக்கலில் நகர்ந்தால், பாதி அறுந்த நரம்பு முழுதாக அறுந்துபோகும். 108-க்குச் சொல்லிவிட்டு, அசைக்காமல் காத்திருப்பதே சரி. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, கட்டையை உருட்டுவதுபோல மொத்தமாகத் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும். ஆட்டோவில் சீக்கிரம் போய்ச் சேரலாமே என்று தோன்றும். இந்தக் காயத்தில் அந்த அவசரம் ஆளை ஆயுளுக்கும் முடக்கிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை, தண்டுவடம் முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணிலும் சிறுநீரகத் தொற்றிலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற மருத்துவர் லுட்விக் குட்மன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது போன்ற எளிய ஒழுங்குகளால் அந்தக் கணக்கை மாற்றினார். உயிர் பிழைத்தவர்களைச் சும்மா கிடக்கவும் அவர் விடவில்லை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வில் எடுக்க வைத்தார். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேலூரில் தொடங்குகிறது. சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவரோடு பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று உண்டு என்று சொல்லி, தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தி பிடித்த மேரி, பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்த் தனக்கே பயிற்சி எடுத்துக்கொண்டார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே நோயாளியோடு தங்கும் உறவினரும் பயிற்சி பெறுவார். வீட்டுக்குப் போனவர்கள் ‘ரீஹேப் மேளா’ என்ற பெயரில் மீண்டும் வேலூருக்கு வந்து கூடுகிறார்கள். உடம்பைப் பரிசோதித்துக்கொள்கிறார்கள், விளையாடுகிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

தெற்கே, தென்காசி பக்கம் ஆய்க்குடியில் இன்னொரு வரலாறு. கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975 ஜனவரியில் பெங்களூருவில் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1981-இல், சொந்த ஊரில் ‘அமர் சேவா சங்கம்’ தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அமைப்புக்கு வைத்தார். சில குழந்தைகளுக்கான பள்ளியாக ஆரம்பித்தது, இன்று தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவும் கிராமங்களுக்குத் தேடிப்போகும் பணியாளர்களுமாக விரிந்திருக்கிறது. 2020-இல் அவருக்கும் பத்மஸ்ரீ.

மேரி வர்கீஸ், ராமகிருஷ்ணன், ப்ரீத்தி மூவரும் அசாதாரணமானவர்கள். அவர்களைப் பாராட்டுவதோடு நின்றுவிடுவது நமக்குச் சௌகரியம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால், அவர் அறக்கட்டளை தொடங்க வேண்டியதில்லை. மறுபடி டீக்கடைக்குப் போனால் போதும். அதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புதுச்சேரியில் மருத்துவத்துக்குப் பஞ்சம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். மறுவாழ்வு மருத்துவத்துக்கு அங்கே தனித் துறையே உண்டு. ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் மருத்துவமனைக்குள் தெரியாத சிக்கல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன.

முதல் சிக்கல் வாசலிலேயே நிற்கிறது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதி வீடுகளின் அழகே அந்தத் திண்ணைதான். தெருவிலிருந்து படி ஏறி, திண்ணையைக் கடந்து, நிலைப்படி தாண்டி, நடை வழியாக முற்றத்துக்குப் போக வேண்டும். வைசியாள் வீதி போன்ற தெருக்களைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். வாசலில் மூன்றே படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர். மொத்தம் 45. சாய்தளம் ஒரு பங்கு உயர வேண்டுமானால் பன்னிரண்டு பங்கு நீள வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஐந்து மீட்டர் 40 சென்டிமீட்டர், ஏறக்குறைய 18 அடி. வீட்டிலிருந்து நேராகப் போட்டால் தெருவின் நடுவில் போய் முடியும். இடமில்லை என்று பாதி நீளத்தில் செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள். அதில் தள்ளிக்கொண்டு ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும், இறக்கினால் ஆள் முன்னால் சரிவார். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிப் போடலாம். கொல்லைப்புறச் சந்து வழியாக மட்டமான வழி இருக்கிறதா பார்க்கலாம். தேவைப்படும்போது போட்டு எடுக்கும் இரும்புப் பலகையும் உண்டு. எதைச் செய்வதானாலும் அளந்து செய்ய வேண்டும். திண்ணையை இடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பழைய முகப்பைக் காப்பாற்றுவதில் இந்த ஊர் காட்டியிருக்கும் அக்கறையில் ஒரு பங்கு, அந்த முகப்புக்குள் ஆள் நுழையும் வழிக்கும் கிடைக்க வேண்டும்.

உள்ளே போனால் கழிப்பறை. பழைய வீடுகளில் கடைசியில், கொல்லையில் இருக்கும். கதவு இரண்டடி அகலம், வாசலில் ஒரு கட்டை. சக்கர நாற்காலியின் அகலமே 65 சென்டிமீட்டர் வரும், இரண்டடி என்பது 61. நான்கு சென்டிமீட்டர் குறைவதால் ஒரு மனிதர் ஆயுள் முழுக்கக் கட்டிலிலேயே மலம் கழிக்கும் நிலை வந்துவிடுகிறது.

பிறகு பார்க்க வருகிறவர்கள். பழங்கள், ஹார்லிக்ஸ், விபூதி எல்லாம் வரும். கூடவே, ‘எப்போப்பா எழுந்து நடப்ப?’ என்ற கேள்வியும் வரும். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். ஆனால் மாதங்கள் போகப்போக அதற்குப் பதில் சொல்ல முடியாமல் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் உண்டு. எண்ணெய்க் கட்டு, நேர்த்திக்கடன் என்று அலைந்து களைத்த குடும்பத்தைத் தேடி ‘ஸ்டெம் செல்’ விளம்பரமும் வரும். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். நகையை விற்று அந்த ஊசிக்குக் கொட்டுகிற பணத்தில் வாசலையும் கழிப்பறையையும் மாற்றி, நல்ல நாற்காலி ஒன்றும் வாங்கியிருக்கலாம் என்பது பிறகுதான் உறைக்கும்.

ஒரு நாளின் வேலை என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையில் கண்ணாடி பிடித்துப் பிட்டம், குதிகால், இடுப்பு எலும்பு எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தோலில் நாணய அளவு சிவப்பு தெரிந்தால், சில நாட்களில் அது எலும்பு தெரியும் புண்ணாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கொரு தடவை கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு சிறுநீர் வெளியேறாமல் தேங்கிவிட்டால் இரத்த அழுத்தம் திடீரென்று எகிறி உயிருக்கே ஆபத்தாகும். திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல் வந்தால் முதலில் சிறுநீர் வெளியேறியிருக்கிறதா பார் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் யார் செய்கிறார்கள்? அம்மா. இல்லையென்றால் மனைவி. சம்பளமும் விடுமுறையும் இல்லாத வேலை. தூக்கித் தூக்கி அவர்களுக்கே முதுகு போய்விடுகிறது. அடிபட்டது பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவளைப் பார்த்துக்கொள்ளக் கணவர் வேலையை விடுவது அரிது, அவள் தாய் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவது சகஜம். தண்டுவடம் பாதித்தவர்களுக்கான உதவியைப் பற்றிப் பேசும்போது நாற்காலியும் உதவித்தொகையும்தான் முதலில் வருகின்றன. பராமரிக்கும் கைகளுக்குக் கூலி என்பது கணக்கிலேயே வருவதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற எல்லாவற்றையும்விட இது அவசரம்.

சரி, வாசல் தாண்டியாகிவிட்டது. தெரு எப்படி இருக்கிறது?

நேரு வீதியில் நடைபாதை இருக்கிறது, அதன்மேல் பைக்குகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சந்தை. நடப்பவருக்கே உடம்பைக் குறுக்கித்தான் வழி. ஊருக்குள் சாமானியர் ஏறிப் போகும் டெம்போவில் சக்கர நாற்காலியோடு ஏற முடியாது. இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தாலும் நாற்காலியை எங்கே வைப்பது? தனி ஆட்டோ பிடித்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனாலேயே பலருடைய வெளியுலகம் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி என்று சுருங்கிவிடுகிறது.

இதற்கு நடுவே ஒரு நல்ல இடமும் இருக்கிறது. கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், மறுநாள் காலை ஏழரை வரை நடப்பவர்களுக்கு மட்டும்தான். காந்தி சிலையின் இரு பக்கமும் மட்டமான தார்ச்சாலை. மேடு இல்லை, ஹாரன் இல்லை. சக்கர நாற்காலியை யார் உதவியும் இல்லாமல் தானே உருட்டிக்கொண்டு போகலாம். நடப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு நடக்க முடியாதவருக்கும் ஊரிலேயே மிகச் சுதந்திரமான இடத்தைத் தந்திருக்கிறது. ஆனால் அந்தச் சாலைவரை வந்துசேர வண்டியும், வந்த பிறகு நாற்காலி நுழையும் கழிப்பறையும் வேண்டும்.

மணலில் இறங்குவது அடுத்த கட்டம். சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. முதல்முறையாகக் கடலை அருகில் பார்த்தவர்கள் அன்று அழுதார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பாதையைச் சேதப்படுத்தியது. சரிசெய்தார்கள். புயலடிக்கும் கரையில் ஒரு முறை கட்டி ரிப்பன் வெட்டினால் போதாது, ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பாடம் புதுச்சேரிக்கும் உதவும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய பொதுக் கட்டடங்களையும் ஐந்து ஆண்டுக்குள் எல்லாரும் நுழையும்படி மாற்ற வேண்டும் என்றது. அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ஒன்றிய அரசின் நேரடிப் பார்வையில் இருக்கும் சிறிய ஊர் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட நேர்க்கோட்டு வீதிகள், சமதளம், குறைந்த தூரங்கள். இங்கே செய்ய முடியாவிட்டால் மலையும் பள்ளமுமான ஊர்களில் எப்படிச் செய்வது?

கடைசியில் எல்லாமே வேலையில் வந்து நிற்கிறது. தண்டுவடக் காயம் பட்டவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொன்னது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையத்திலிருந்து பிறந்த ‘நியோமோஷன்’ நிறுவனம், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் ஸ்கூட்டர்போல ஓடும் ‘நியோபோல்ட்’ கருவியை 2021-இல் கொண்டுவந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். அதில் உட்கார்ந்து சொமாட்டோ பையை மாட்டிக்கொண்டு உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களைச் சென்னைச் சாலைகளில் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான். கையில் வலு உள்ளவர் அதில் ஊர் முழுக்கச் சுற்றிவிடுவார். ஒரு குறை உண்டு. ஸ்கூட்டரில் கிளம்பும்போது நாற்காலி வீட்டில் தங்கிவிடும். வங்கி வாசல் வரை வந்தவர் வண்டியிலேயே உட்கார்ந்து, உள்ளே போகும் யாரையாவது கூப்பிட்டு, ‘அண்ணே, மேனேஜரைக் கொஞ்சம் வெளியே வரச் சொல்றீங்களா?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வங்கி, தபால் நிலையம், நகராட்சி அலுவலகம், தியேட்டர் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சக்கர நாற்காலி நின்றால் அவர் இறங்கி உள்ளே போய்விடுவார். சந்தைக்குள்ளும் அதே வழி வேண்டும். புதுச்சேரியின் குபேர் அங்காடியைச் சீரமைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. எந்த வரைபடம் கடைசியில் ஒப்புதலானாலும் நான்கு பக்கத்து நுழைவும் தெருமட்டத்தில் இருக்க வேண்டும், மீன் கடை வரிசைக்கு நடுவில் ஒன்றரை மீட்டர் வழி விட வேண்டும் என்று இப்போதே எழுதிச் சேர்த்துவிடலாம். கட்டி முடித்த பிறகு உடைத்து மாற்றுவதைவிட அது மலிவு. அங்கே மீன் வாங்க வருகிறவர்களிலும், தரையில் உட்கார்ந்து விற்கிறவர்களிலும் சக்கர நாற்காலிக்காரர்கள் இருப்பார்கள்.